பூனைக்கு எத்தனை வேளைச் சாப்பாடு?



மனிதர் சாப்பாட்டுக்கே கணக்குப் பார்க்கும் வீடுகள் நம்முடையவை. இதில் பூனையின் சாப்பாட்டைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓர் அவித்த முட்டைதான் என் நினைப்பை மாற்றியது.

எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் ஒரு சிறுமி. பெயர் வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் இலவச உணவு அவளுக்கும் உண்டு. சோற்றையும் கீரையையும் சாப்பிட்டுவிட்டு, முட்டையை மட்டும் காகிதத்தில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்துக்கொள்வாள். மீன் போடும் நாளில் மீனுக்கும் அதே கதிதான். வீட்டில் தம்பி தங்கைக்கு எடுத்துப் போகிறாளோ, வீட்டு நிலைமை அவ்வளவு மோசமோ என்று எனக்குள் ஒரு கலக்கம். ஒரு நாள் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"யாருக்கம்மா இது?"

"மீனுவுக்கு, டீச்சர்."

"மீனு யாரு, தங்கச்சியா?"

"பூனை, டீச்சர்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். வருகிற சனிக்கிழமை அப்பா டவுனுக்குப் போகும்போது மீனுவைக் கோணிப்பையில் போட்டுக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விட்டுவிடப் போகிறாராம். அம்மாவின் கட்டளை.

அன்று மாலையே அவர்கள் லயத்துக்குப் போனேன். தாயார் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். காலையில ஒரு மங்கு சோறு, மத்தியானம் ஒரு மங்கு, ராத்திரி ஒரு மங்கு. நான் பெத்த பிள்ளைங்ககூட இப்படித் திங்கல. முந்தாநாளு பொரிக்க வச்சிருந்த கெம்போங் மீனு ரெண்டையும் தூக்கிட்டுப் போயிடுச்சு. இவ்வளவும் தின்னுட்டு எலும்பும் தோலுமாத்தான் கிடக்கு. தின்னதெல்லாம் எங்கதான் போகுதோ!"

அவர் கோபத்தில் கேட்டாலும் அது நல்ல கேள்வி. தின்றதெல்லாம் எங்கே போகிறது?

முதலில் அந்த மங்கைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பால் பிடித்த பழைய மங்குகள் இன்னும் எல்லா வீட்டிலும் கிடக்கின்றன. பூச்செடிக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று. மீனுவின் மங்கில் சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறு. மேலே நக்கிய அடையாளம் இருந்தது. அடியில் சோறு அப்படியே காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. அந்தத் தாய் மூன்று மங்கு போட்டது உண்மை. பூனை மூன்று மங்கு சாப்பிட்டது என்பதுதான் உண்மையில்லை.

பிறகு மீனுவைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றைத் திருப்பியதும் விஷயம் விளங்கிவிட்டது. முலைக்காம்புகள் சிவந்து பருத்திருந்தன. அவற்றைச் சுற்றி முடி படிந்து ஈரமாக இருந்தது.

"ஏம்மா, இதுக்குக் குட்டி இருக்கே!" என்றேன்.

தாயார் திகைத்தார். சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். விறகுக் கொட்டகையின் மூலையில், கிழிந்த கோணியின் மேல் மூன்று குட்டிகள். கண் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். சொன்னால் அதையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பயந்து, முட்டையும் மீனுமாகக் கொண்டுவந்து தாய்ப் பூனையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. கைக்குழந்தை ஒன்று அவர் இடுப்பிலேயே இருந்தது. "பால் குடுக்கிறவளாடி நீ?" என்று பூனையிடம் கேட்டார். கோணிப்பை பேச்சு அத்தோடு நின்றது.

பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கமாகத் தேவைப்படுவதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உணவு வேண்டும். குட்டிகள் மூன்று நான்கு வார வயதை எட்டும் சமயத்தில் இந்தத் தேவை மிகவும் ஏறும். அப்போது வேளை, அளவு எதுவும் பார்க்க வேண்டாம். அது கேட்கும்போதெல்லாம் போடுங்கள். சனிக்கிழமை மீனு மார்க்கெட்டுக்குப் போயிருந்தால், விறகுக் கொட்டகையில் மூன்று குட்டிகளும் கத்திக் கத்தியே அடங்கிப் போயிருக்கும்.

சரி, சாம்பார் சோற்றில் என்ன குறை? நாய்க்கு நாம் அதைத்தானே போடுகிறோம்? இங்கேதான் நாம் எல்லாருமே தவறு செய்கிறோம். நாய் பலதையும் தின்று பிழைக்கும். பூனை மாமிசம் தின்றே ஆகவேண்டிய பிராணி. சோறு அதன் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. மீன், இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது இல்லாமல் போனால் பூனையின் கண்பார்வை கெடும் என்று 1975-லும், இருதயமும் பலவீனப்பட்டு விரிந்துவிடும் என்று 1987-லும் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சோற்றில் டாரின் இல்லை. பருப்பிலும் இல்லை. நாய்க்கென்று விற்கும் பிஸ்கட்டிலும் பூனைக்குப் போதுமான அளவு இருப்பதில்லை.

சாம்பாரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கக்கூடியவை. பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யப் போதும். நாலு கிலோ பூனைக்கு 20 கிராம். அரை வெங்காயம்கூட வராது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்த விஷம் போகாது. ஆகவே குழம்பு மீனைக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். குழம்பு கூட்டுவதற்கு முன்பே பூனையின் பங்கை எடுத்து, உப்பில்லாமல் தனியே அவித்து, முள் நீக்கிக் கொடுத்துவிடுங்கள். பச்சையாகவும் வேண்டாம். சில பச்சை மீன்களில் பி1 வைட்டமினைக் கெடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும்.

மறுநாள் மீனுவைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொன்னேன். தலைமையாசிரியர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பிள்ளைகளை நிறுக்கும் தராசில் முதலில் சிறுமியைப் பூனையோடு நிறுத்தினேன்: 23.9 கிலோ. பிறகு சிறுமியை மட்டும்: 21.1 கிலோ. கழித்தல் கணக்கில் எப்போதும் தடுமாறுகிற பிள்ளை, அன்று விரல்கூட மடக்காமல் "2.8, டீச்சர்!" என்றாள். உங்கள் வீட்டுப் பூனையையும் இப்படியே நிறுத்துவிடலாம். எடை தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

வளர்ந்த பூனை பெரும்பாலும் மூன்றரை முதல் நாலரை கிலோ இருக்கும். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். கடையில் விற்கும் பூனை பிஸ்கட் 100 கிராமில் ஏறக்குறைய 350 முதல் 400 கலோரி இருக்கிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு 60 கிராம். எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள்! முப்பது நாளைக்குப் போட்டாலும் ஒரு கிலோ எண்ணூறு கிராம்தான். தினமும் மூன்று மங்கு சோறு போட்டு, பாதியை எறும்புக்கும் மீதியைக் குப்பைக்கும் கொட்டிய கணக்கை அந்தத் தாயாரே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அளப்பதற்குத் தராசு வாங்க வேண்டாம். கடைக்காரரிடம் ஒருமுறை 60 கிராம் சரியாக நிறுத்துத் தரச் சொல்லுங்கள். அதை ஒரு பழைய டின்னில் கொட்டி, மட்டம் நிற்கும் இடத்தில் சாயத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதுதான் ஒரு நாளைய அளவு. காலையில் பாதி, மாலையில் பாதி. அன்று அவித்த மீனோ கோழியோ கொடுத்தால், அதற்கு ஏற்றபடி பிஸ்கட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீனை மட்டுமே தினமும் கொடுப்பதும் நல்லதல்ல. சுண்ணாம்புச் சத்தும் வேறு சில வைட்டமின்களும் அதில் போதாது. கோழி ஈரல் வாரத்துக்கு ஒரு முறை, ஒரு சிறு துண்டு. அதற்கு மேல் கொடுத்தால் ஏ வைட்டமின் உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும். கருவாடும் உப்பு நெத்திலியும் பூனைக்கு உணவாகாது. ஆசைக்கு ஒன்றிரண்டு நெத்திலி கொடுக்க வேண்டுமென்றால், வெந்நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிவிட்டுக் கொடுங்கள்.

காலை, மாலை இரு வேளை என்றேன். மூன்று வேளை பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. பூனையின் இயல்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுவது. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரிதான் உண்டு. எலி பிடித்தே பிழைக்கும் பூனை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து எலியாவது பிடிக்க வேண்டும். அப்படி வாழ்ந்து வந்த வயிறு, ஒரே வேளையில் மூட்டையாக நிரப்பிக்கொள்வதற்கு ஏற்றதல்ல. ஆனால் நம் வீடுகளில் விடியுமுன் பெரட்டுக்குப் போனால் வேலை முடிந்துதான் திரும்புவோம். யார் மத்தியானம் வந்து போடுவது? ஆகவே பெரட்டுக்குப் புறப்படும்முன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நேரம் மட்டும் தவறக் கூடாது. இரண்டே வாரத்தில் பூனை கடிகாரத்தைவிடச் சரியாக வந்து நிற்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகு மங்கை எடுத்துக் கழுவிவிடுங்கள். இரவு முழுவதும் வைத்திருந்தால் கரப்பானும் எலியும் வரும். எலிக்கு விருந்து வைக்கவா பூனை வளர்க்கிறோம்? எறும்புத் தொல்லை இருந்தால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் மங்கை வையுங்கள். குடிக்கத் தண்ணீர் எப்போதும் தனியே இருக்கட்டும். பிஸ்கட் தின்னும் பூனைக்குத் தாகம் அதிகம்.

"சோறு போட்டுப் பழக்கினால் எலி பிடிக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் தகப்பனாரும் இதைச் சொல்லித்தான் எங்கள் பூனையைப் பட்டினி போட்டார். அவரை மறுத்துப் பேச அப்போது எனக்கு வாய் இல்லை, இப்போது பேசுகிறேன். பூனை எலி பிடிப்பது பசியால் மட்டுமல்ல. 1976-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பசியோடு தனக்குப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் பக்கத்தில் எலியை விட்டுப் பார்த்தார்கள். அவை தின்பதை நிறுத்திவிட்டு, போய் எலியைக் கொன்று, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தட்டில் உள்ளதைத் தின்றன! வேட்டை வேறு, பசி வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். ஆனால் பிடித்ததைத் தின்ன மாட்டாமல் போட்டுவிடுவதும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு நன்மையே. எலிகளுக்கு விஷம் வைக்கும் நாட்களில், அதைத் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் இரத்தப்போக்கு உண்டாகி உயிர் போகலாம். விஷம் வைக்கும் செய்தி வந்தால் அந்த நாட்களில் பூனையை வீட்டோடு வைத்திருங்கள்.

குட்டிகளின் கணக்கு வேறு. நாலு வாரம் ஆனதும் தாய்ப்பாலோடு, ஊறவைத்து மசித்த பிஸ்கட்டையும் அவித்து மசித்த மீனையும் நக்கப் பழக்கலாம். எட்டு வாரத்தில் பால் மறந்துவிடும். அதிலிருந்து நாலு மாதம் வரை தினமும் நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. குட்டிகளுக்கு அளவு பார்க்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கு யார் அளந்து போடுவார்கள்? குட்டிக்கு வயிறு மட்டும் பானையாக உப்பி, முதுகு ஒட்டியிருந்தால் அது கொழுப்பல்ல, குடற்புழு. அதற்கு மருந்து கொடுக்க வேண்டும், சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

இந்த இடத்தில் என் பழைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும். வடிகாலில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் தேநீருக்கு வைத்திருந்த டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். ஆவலாக நக்கியது. இரண்டாம் நாள் கழிச்சல். இன்னும் கொடுத்தேன், இளைத்துவிட்டதே என்று. நாலாம் நாள் காலையில் என் பாவாடை மடிப்பிலேயே விறைத்துக் கிடந்தது. அன்பாகத்தான் கொடுத்தேன். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி என்பதும், பசும்பாலையே பல பூனைகளால் செரிக்க முடியாது என்பதும், பூனைப் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் இருப்பதைப்போல் இரு மடங்கு என்பதும் எனக்கு யார் சொன்னார்கள்? இதில் ஒரு வேடிக்கை, பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாதாம்; 2005-ல் கண்டுபிடித்தார்கள். சீனியால் அதற்கு ஒரு சந்தோஷமும் இல்லை. தாயில்லாக் குட்டி கிடைத்தால் பிராணி உணவு விற்கும் கடையில் பூனைக்குட்டிக்கென்றே உள்ள பால்மாவை வாங்கிக் கரைத்து, வெதுவெதுப்பாக, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். இரவிலும் எழுந்திருக்க வேண்டும். குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டுங்கள். கைக்குழந்தையைப்போல் மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

புரட்டாசி மாதத்தைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார். வீட்டில் மீன், முட்டை நுழையாது. பூனைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று. விரதம் நமக்கு, பூனைக்கு இல்லை. ஒரு மாதம் தயிர்ச் சோறு போட்டு அதன் உடம்பைக் கெடுத்தால் பெருமாளும் ஏற்கமாட்டார் என்பது என் எண்ணம். அந்த மாதம் முழுவதும் பிஸ்கட்டே போதும். அடுப்படியில் வைக்காமல் பின்வாசலில் வைத்துப் போடுங்கள். மங்கைக் குழாயடியில் கழுவுங்கள். தீட்டு என்று எண்ணினால் வீட்டுச் சிறுவர்களிடம் அந்த வேலையை விட்டுவிடலாம். பசித்தால் தயிர்ச் சோற்றைத் தானே தின்னும் என்று பட்டினி போட்டுப் பழக்க மட்டும் முனையாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாமல் இருந்தால் அதன் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எந்தக் காரணத்தாலும் ஒரு முழு நாள் பூனை சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகவே காய்ச்சல் என்று முடிவு செய்து பனடால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

போடுவது போதுமா, மிஞ்சுகிறதா என்பதை விலா எலும்பைத் தடவிப் பார்த்தே அறியலாம். உங்கள் கையை விரித்து, விரல்கள் தொடங்கும் இடத்தைப் புறங்கைப் பக்கம் தடவிப் பாருங்கள். எலும்பு தெரியும், ஆனால் உறுத்தாது. பூனையின் விலா அப்படி இருந்தால் சரி. கையை மடக்கிக் குத்துவிட்டால் முட்டி எலும்பு துருத்துகிறதே, அப்படி இருந்தால் பட்டினி. உள்ளங்கையைப்போல் எலும்பே தட்டுப்படாவிட்டால் அளவு மீறிவிட்டது.

மீனுவின் விலா முட்டியாகத்தான் இருந்தது. குட்டிகள் பால் குடித்த வரையில் டின்னில் கோடு இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியக் காக்காக் ஒருவர், மீன் அவிக்கும் நாளெல்லாம் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு குட்டிகளை அவரே வாங்கிக்கொண்டார். குட்டிகள் பிரிந்த பிறகு மீனுவை மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்தார்கள். கருத்தடை செய்த பூனைக்கு உணவுத் தேவை கால் பங்கு வரை குறையும், பசியோ கூடும். பழைய அளவையே போட்டால் உருண்டுவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

சென்ற வாரம் அந்த வீட்டுப் பக்கம் போனபோது டின்னைப் பார்த்தேன். மேலே இரண்டு கோடுகளை அடித்துவிட்டு, கீழே நீலச் சாயத்தில் புதிதாக ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் சிறுமியின் கையெழுத்தில் "45 கிராம்". மீனு வாசற்படியில் படுத்திருந்தது, எடை 3.6 கிலோ. பள்ளியில் முட்டை கொடுக்கும் நாளில் இப்போது அவள் தட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.